வாசலைத் துறந்த பிரயாணிகள்

காலையில் ஒரே திசையில் உத்தியோகத்துக்குப் புறப்படும் நான்கு பேர், ஆளுக்கொரு மோட்டாரில் போவதைவிட ஒரே மோட்டாரில் போவது நல்லதென்று யாரும் சொல்லிவிடலாம். அவர்களைக் கூட்டிச் சேர்ப்பதில்தான் சிரமம். பன்னிரண்டு பேரை நான்கு நான்காகப் பிரிப்பதற்கே 5,775 விதங்கள் உண்டு. பிறகு, ஒரு வண்டி நால்வரை வெவ்வேறு வாசல்களில் ஏற்றி வெவ்வேறு வாசல்களில் இறக்க வேண்டுமானால், ஏறாதவர் இறங்க முடியாதென்ற நியாயத்தை ஒப்புக்கொண்ட பின்னும், 2,520 வரிசைகள் எஞ்சி நிற்கின்றன. கிடங்கிலிருந்து நிலையங்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் லாரிகளை எவ்வழியே அனுப்புவதென்று டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர் 1959-இல் எழுதிய கட்டுரை முதலாக, கணித சாஸ்திரிகள் இவ்வகைப் பிரச்னைகளோடு மல்லுக்கு நிற்கிறார்கள். பெட்ரோலுக்குக் காத்திருப்பதில் கோபம் வருவதில்லை, மனிதருக்கு வருகிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க முயலாமல், அதற்கு இடமே கொடாமல் விட்ட ஜனங்கள் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனின் புறநகர்களில் இருக்கிறார்கள். வர்ஜீனியாவிலிருந்து நகருக்குச் செல்லும் ஷெர்லி நெடுஞ்சாலையில் 1969-இல் பஸ்களுக்கென ஏற்பட்ட பிரத்தியேகத் தடத்தில், 1973 முதல் நான்கு பேர் ஏறிய மோட்டார்களும் அனுமதிக்கப்பட்டன. 1989-இல் மூன்று பேர் போதுமென்று ஆயிற்று. தனியே வந்த வண்டிக்காரருக்கு அந்தத் தடத்தில் விரைந்து போக ஆள் வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவருக்கோ வண்டி வேண்டியிருந்தது. ஆகவே, குறித்த சில இடங்களில் ஜனங்கள் தாமாகவே வரிசையில் நிற்க, வண்டிக்காரர் வந்து போகுமிடத்தைச் சொல்ல, முன்னால் நிற்பவர்கள் ஏறிக்கொள்கிறார்கள். கட்டணம் கிடையாது. ஓட்டுபவர் பேச்சைத் தொடங்கினாலன்றி ஏறியவர் பேசுவதில்லை என்பதும், ஒரு பெண்ணை வரிசையில் தனியே விட்டுப் போகலாகாது என்பதும் அங்கே எவரும் சட்டமாக இயற்றாத சட்டங்கள்.

இதில் நான் வியப்பது அவர்களுடைய பரோபகாரத்தையன்று. வீட்டு வாசலில் ஏறும் சௌகரியத்தை அவர்கள் விட்டுக்கொடுத்த அக்கணமே, வண்டி தெருத்தெருவாகச் சுற்றவேண்டிய அவசியம் ஒழிந்ததையும், காலையில் ஏறிய வண்டியிலேயே மாலையிலும் திரும்பவேண்டுமென்ற கட்டை அவர்கள் தளர்த்தியதும், ஒருவருடைய வேலை நேரத்துக்காக மற்றொருவர் காத்துக்கிடப்பது நின்றதையும்தான். வண்டி அழைக்கும் இன்றைய கைபேசிச் செயலிகளில் பல, வாசல்தோறும் போய் நிற்கும் வாக்குறுதியை முதலில் கொடுத்துவிட்டு, அதனால் பெருகும் கணக்கைத் தீர்க்கப் பெரும் யந்திரங்களை ஏவுகின்றன. பிரயாணியைக் கொஞ்சம் நடக்கச் சொன்னால் கணக்கில் பாதி கரைந்துபோகும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இவ்வேற்பாடு எங்கும் எப்போதும் பலிப்பதன்று. சான் பிரான்சிஸ்கோவில், வளைகுடாப் பாலத்தின் சுங்கமும், பலர் ஏறிய மோட்டார்களுக்கு அதில் கிடைக்கும் சலுகையும் நகருக்குள் நுழையும் திசைக்கே உரியவை. அதனால் காலையில் முன்பின் அறியாதவரோடு மோட்டாரில் வந்தவர்களில் பெரும்பாலோர், மாலையில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காசு கொடுத்து வீடு திரும்பினார்கள்.