நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வசூல் போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பக்கத்திலுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போன நம் குழுவில் நானும் இருந்தேன். "எங்கள் சல்ஃபர் ரெக்கவரி 98.7 சதவீதம் சார், விதிப்படி சரி" என்றார்கள். ரெக்கவரி என்றதும் எனக்குப் பழைய கடன் வசூல் ஞாபகம் வந்துவிட்டது. வசூலான 98 ரூபாயைப் பற்றி எந்த ஆடிட்டரும் கேட்டதில்லை. வராத 2 ரூபாயைத்தான் கேட்பார்.

2020 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசலில் 10 லட்சம் பங்குக்கு 10 பங்குதான் கந்தகம் இருக்கலாம். அதற்கு முன் 50. அப்படிப் பிரித்தெடுத்த கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக ஆலையிலேயே நிற்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். (சாக்கடையிலும் அதே வாயு உண்டு, எல்லாப் பழியையும் ஆலைமேல் போடாதீர்கள்.) அதில் மூன்றில் ஒரு பங்கை எரித்து சல்ஃபர் டை ஆக்சைடாக்கி, மீதியோடு சேர்த்தால் மஞ்சள் கந்தகமும் தண்ணீரும் கிடைக்கும். 1883-ல் காப்புரிமை பெற்ற கிளாஸ் முறையின் வழிதான் இன்றும். ஆனால் இதில் 95 முதல் 98 சதவீதம்தான் பிடிபடும். தப்பியதை எரித்துப் புகைபோக்கியில் விடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு 100 டன் கந்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 98.7 சதவீதம் என்றால் 1.3 டன் தப்புகிறது. எரியும்போது ஆக்சிஜன் சேர்ந்து எடை இரட்டிப்பாகும், ஆக 2.6 டன் சல்ஃபர் டை ஆக்சைடு. 2008 விதி பெரிய பழைய யூனிட்டுக்கு 98.7, புதியதற்கு 99.5 என்கிறது. பார்க்க 0.8தான் வித்தியாசம், தப்புவதோ பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மிச்ச வாயுவை மீண்டும் ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கி, அமீன் கரைசலில் பிடித்து, முன்வாசலுக்கே திருப்பி அனுப்பும் யூனிட் வைத்தால் 99.9 வரை எட்டலாம். அப்போது தப்புவது 100 கிலோதான்.

இனிமேல்தான் விஷயம். அந்த 99.9 யூனிட்டே ஒரு நாள் முழுக்க நின்று, வாயுவை அப்படியே ஃப்ளேரில் எரித்தால் 100 டன்னும் போய்விடும். அதாவது 1000 நாள் ஒழுங்காக ஓடி வெளியேறுவது ஒரே நாளில். வருடச் சராசரியில் இது பெரிதாகத் தெரியாது. ஆஸ்துமாக்காரர்களுக்குச் சில நிமிடமே போதும் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் 10 நிமிட வரம்பே தனியாக வைத்திருக்கிறது: கனமீட்டருக்கு 500 மைக்ரோகிராம். நம் பி பிளாக்கில் மட்டும் நான்கு வீட்டில் இன்ஹேலர் இருக்கிறது.

அதனால் "எத்தனை சதவீதம்" என்று இனிக் கேட்க வேண்டாம். போன வருடம் யூனிட் எத்தனை மணி நேரம் நின்றது? நின்றபோது மாற்று யூனிட் இருந்ததா, இல்லை உற்பத்தியைக் குறைத்தார்களா? புகைபோக்கிக் கருவியின் பதிவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மனுவை எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை 6 மணிக்குச் சங்க அறைக்கு வந்து படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நாற்றம் வந்த தேதி, நேரம் குறித்து வைத்திருப்பவர்கள் அந்த டைரியையும் கொண்டு வாருங்கள்.