அரபியர் பிள்ளைகள் படிக்கிறார்கள்; நம் பிள்ளைகள்?

 

வளைகுடா என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? எண்ணெய், ரியால், விசா. அந்த நாடுகளின் வகுப்பறைகளைப் பற்றி என்றாவது சிந்தித்தோமா?

ஓமனைப் பாருங்கள். 1970-ல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது அந்நாட்டில் இருந்த நவீனப் பள்ளிகள் மூன்றே மூன்று! படித்தவர்கள் சுமார் 900 சிறுவர்கள். பதினாறே ஆண்டுகளில், 1986-ல், அங்கே பல்கலைக்கழகமே திறக்கப்பட்டது. ஆண்களோடு பெண்களும் படித்தார்கள்.

சவூதியில் 1938-ல் எண்ணெய் கிடைத்தது. எடுத்தவர்கள் அமெரிக்கர்கள். ஆனால் அரபியர் கைகட்டி நிற்கவில்லை. 1963-ல் தஹ்ரானில் பெட்ரோலியக் கல்லூரி அமைக்க அரசாணை பிறந்தது. 1947-ல் அராம்கோவில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்தவர் அலி அல்நுஐமி. கம்பெனிப் பள்ளியில் படித்தார். அமெரிக்கா சென்று நிலவியல் கற்றார். 1984-ல் அதே அராம்கோவின் தலைவரானார். 1995 முதல் 2016 வரை பெட்ரோலிய அமைச்சராகவும் இருந்தார்!

தம் மக்களைப் பயிற்றுவித்தவர்கள் தம் மக்களுக்கே வேலை கொடுப்பார்கள். 2011-ல் சவூதி 'நிதாகத்' திட்டம் கொண்டு வந்தது. 2016-ல் செல்போன் விற்பனையும் பழுதுபார்ப்பும் சவூதியருக்கே என்று உத்தரவிட்டது. அதற்காகத் தன் இளைஞர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. அந்தக் கடைகளில் நின்ற வெளிநாட்டவர் வெளியேற நேர்ந்தது. இதில் அவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

நாம் என்ன செய்கிறோம்? பத்தாவது முடித்ததும் பாஸ்போர்ட்! உம்மாவின் நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டுகிறோம். கையில் தொழில் இல்லாமல் விமானம் ஏறுகிறோம். தொழில் தெரியாதவனுக்கு எந்த நாட்டிலும் கடைசி வரிசைதான்.

பத்ருப் போரின் கைதிகளில் ஈட்டுப்பணம் கொடுக்க வசதியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம் பணம் கேட்கப்படவில்லை. மதீனாவின் சிறுவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதே அவர்களின் விடுதலைக்கு ஈடானது. கல்விக்கு நபி (ஸல்) அவர்கள் வைத்த மதிப்பு அது!

இளைஞர்களே! விசாவுக்கு முன் ஐ.டி.ஐ.க்குச் செல்லுங்கள். எலக்ட்ரீஷியனோ, வெல்டரோ, ஏ.சி. மெக்கானிக்கோ, ஒரு சான்றிதழ் கையில் இருக்கட்டும். வளைகுடாக் கதவு மூடினாலும் சொந்த ஊரில் அது சோறு போடும்.

வியாபாரப் பெருமக்களே! உங்கள் முஹல்லாவில் ஓர் ஏழை மாணவனின், ஒரு மாணவியின் படிப்புச் செலவை இந்த ஆண்டே ஏற்றுக்கொள்ளுங்கள். எண்ணெய் ஒருநாள் வற்றும். கற்ற கல்வி வற்றாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.