2000-வது வருஷத்துக் கணக்குப் பிழை
(எடமலைப்பட்டி புதூரில் செய்த சொற்பொழிவு)

2000-ம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் நின்றுபோகும், உலகமே ஸ்தம்பித்துப்போகும் என்று பயமுறுத்தினார்களே, ஒன்றும் நடக்கவில்லையே, அவ்வளவும் புரட்டுத்தானே என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஏன், எதற்கு என்று கேட்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கேட்டவர்கள் பதிலையும் கேட்க வேண்டாமா?

கோளாறு என்னவென்றால், ஆதியில் கம்ப்யூட்டரின் ஞாபக இடம் மகா விலையுள்ளது. ஆதலால் சிக்கனத்திற்காக 1965 என்பதை 65 என்று மாத்திரம் எழுதிவைத்தார்கள். பொன்மலைத் தொழிலாளி ஒருவர் 1965-ல் வேலையில் சேர்ந்து 2000-ல் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 வருஷ சர்வீஸ் என்று சிறு பிள்ளையும் சொல்லும். அப்படிப்பட்ட இயந்திரமோ 00-லிருந்து 65-ஐக் கழித்துவிட்டு, இவர் வேலையில் சேரவே இன்னும் 65 வருஷம் ஆகவேண்டும் என்று சொல்லும்! அப்புறம் பென்ஷன் ஏது? இது கிரகக் கோளாறல்ல. மனிதன் செய்த பிசகு. மனிதனே திருத்த வேண்டியதாயிற்று.

எப்படித் திருத்தினார்கள்? பாங்கிகளும், டெலிபோன், மின்சாரக் கம்பெனிகளும் முதலில் தங்களிடமிருந்த இயந்திரங்களுக்கும் புரோகிராம்களுக்கும் ஜாபிதா எடுத்தன. எது நின்றால் உயிர் போகும், எது நின்றால் பணம் போகும், எது நின்றால் ஒன்றும் போகாது என்று தரம் பிரித்தன. பிறகு வரி வரியாய்ப் படித்து, இரண்டு இலக்கத்தை நான்காக்கினார்கள். அவகாசமில்லாத இடங்களில், 50-க்குக் குறைந்தது 2000-த்தைச் சேர்ந்தது, மற்றது 1900-த்தைச் சேர்ந்தது என்பதுபோல் எல்லை வகுத்தார்கள். டாட்டா கன்சல்டன்சி, இன்போசிஸ், விப்ரோ முதலிய நம் நாட்டுக் கம்பெனிகளின் ஆண்களும் பெண்களும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இவ்வேலையை ஏராளமாய்ச் செய்தார்கள். அதன்பின் இயந்திரத்தின் கடிகாரத்தை 1999 டிசம்பர் 31-ந் தேதி இரவுக்குத் திருப்பிவைத்து ஓட்டிப் பார்த்தார்கள். தவறினதைத் திருத்தி மறுபடியும் ஓட்டினார்கள். அப்படியும் நின்றுபோனால் கையால் எப்படிக் காரியம் நடத்துவது என்பதற்கும் ஏற்பாடு செய்தார்கள்.

1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியும் என்று ஜோசியர்கள் சொல்ல, நாடெங்கும் யாகங்கள் நடந்தன. உலகம் அழியவில்லை. அதுவும் இதுவும் ஒன்றுதானே என்பீர்கள். அல்ல! யாகத்தை முன்கூட்டிப் பரீட்சை பார்க்க வழியில்லை. இதைப் பார்க்க வழியிருந்தது, பார்த்தபோதே இயந்திரங்கள் தவறின. குறைவாய்ச் செலவு செய்த நாடுகளும் தப்பினவே என்றால், உண்மைதான். பயம் சில இடங்களில் அளவுக்கு மீறியே இருந்தது. ஆனால் அந்நாடுகளில் பலவற்றில் கம்ப்யூட்டரும் குறைவு; பிறர் திருத்திய புரோகிராம்களே அங்கும் போய்ச் சேர்ந்தன. திருத்தாது விட்ட இடத்தில் என்ன நடந்தது? இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் ஒன்று 2000-ல் கர்ப்பிணிகளின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டது. வயிற்றுப் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் வருமோ என்ற பரீட்சையில் 150-க்கு மேற்பட்ட பெண்களுக்குப் பிசகான முடிவைச் சொல்லிற்று. இதைப் புரட்டென்று அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொல்ல முடியுமா?

இன்னொரு நாள் வருகிறது, தோழர்களே! அநேக பழைய இயந்திரங்கள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி வருகின்றன. 32 பிட் இடமுள்ளவற்றில் அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19-ந் தேதி, நம் கடிகாரப்படி காலை 8 மணி 44 நிமிஷத்துக்கு நிரம்பிவிடும். அதற்கு ராகுகாலம் பார்த்துப் பிரயோஜனமில்லை. நம் பணத்தையும் உயிரையும் ஒப்படைத்திருக்கிற ஒவ்வொரு இடத்திலும், "ஜாபிதா எடுத்தாயிற்றா? ஓட்டிப் பார்த்தாயிற்றா?" என்று நாம் இன்றே கேட்க வேண்டும். ஒன்றும் நடக்காமலிருப்பது தானாய் வருவதல்ல; யாரோ வேலை செய்ததால் வருவது.