மாரிக்கு முன் இறைப்பு மெசினை ஒதுக்கி வைத்தல்

(தீவகத்தில் மீளக் குடியேறும் குடும்பங்களுக்கான பயிற்சி நாளில் மெசின் திருத்துநர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. மெசின் கழற்றிப் பூட்டுவதுதான் என் தொழில். அந்தத் தொழிலில் கண்ட ஒரு விசயத்தைச் சொல்லத்தான் வந்தேன். தை பிறந்ததும் என்னிடம் வரும் இறைப்பு மெசின்களில் பெரும்பாலானவை வேலை செய்து பழுதானவை அல்ல, சும்மா கிடந்து பழுதானவை.

ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி முடியும்வரை எங்களுக்கு இறைப்பு இல்லை. அந்த இரண்டு மூன்று மாதத்தில் காபரேற்றருக்குள் நிற்கும் பெற்றோல் வற்றிப் பிசினாகிறது. பழைய ஒயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் உள்ளே இரும்பை அரிக்கின்றன. கடற்காற்றின் உப்பு வெளியே அரிக்கிறது. கனடாவில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் புல்லு வெட்டும் மெசினைப் பனிக்காலத்துக்கு முன் இப்படித்தான் ஒதுக்கி வைப்பார்கள். அங்கே பனி, இங்கே மாரியும் உப்பும். வேலை ஒன்றுதான்.

ஒரு தையில் ஓர் அம்மா மெசின் கொண்டுவந்தார். நிவாரணமாகக் கிடைத்தது, நான்கு குடும்பம் பங்கிட்டுப் பாவித்தது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. உள்ளே கறள் பிடித்து இறுகியிருந்தது. திருத்துவதற்குக் கடன் வாங்கினார். மெசின் திரும்பிப் போவதற்குள் நட்ட வெங்காயத்தில் பாதி வாடிவிட்டது. வேலணை, ஊர்காவற்றுறை ஆட்கள் பண்ணைப் பாலத்தால் பட்டணத்துக்குக் கொண்டு போகலாம். நெடுந்தீவு, நயினாதீவு ஆட்களுக்குப் படகில் குறிகட்டுவான் வந்து, பிறகு பஸ் எடுக்க வேண்டும். பயிர் அதுவரை காத்திருக்காது. அந்த மெசினுக்கு ஐப்பசியில் தேவைப்பட்டது ஒரு மணித்தியால வேலையும் கொஞ்ச ஒயிலும்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் சொல்வது ஒயிலுக்குத் தனி மூடி உள்ள நாலு ஸ்ரோக் மெசினைப் பற்றி. பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடும் படகு மெசின் வேறு வகை. இரண்டையும் குழப்பி, இறைப்பு மெசினின் பெற்றோலுக்குள் ஒயில் ஊற்றாதீர்கள்.

வேலையை வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அடுப்பும் பீடியும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம். வீட்டுக்குள்ளோ பூட்டிய கொட்டிலுக்குள்ளோ மெசினை ஓட்டாதீர்கள். அதன் புகை ஆளைக் கொல்லும்.

முதலாவது, எரிபொருள். பம்பில் தண்ணீர் நிரப்பி மெசினை ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்பின் சீல் எரிந்துவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் மெசின் என்றால் கடைசி ஐந்து நிமிடம் பெற்றோலுக்கு மாற்றுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் ஓட்டிய ஆட்கள் நாங்கள். அது காபரேற்றரில் விட்டுவைக்கும் அழுக்கும் எங்களுக்குத் தெரியும். பிறகு பெற்றோல் பூட்டை மூடி, மெசின் தானாக நிற்கும்வரை விடுங்கள்.

இரண்டாவது, ஒயில். மெசின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே பழைய ஒயிலை வடியுங்கள். அப்போதுதான் அழுக்கும் சேர்ந்து வரும். மண்ணெண்ணெய் மெசினில் ஒயில் மட்டம் கூடியிருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து கலந்திருக்கிறது என்று அர்த்தம். புது ஒயில் மட்டக் கோடு வரை விடுங்கள். பலருடைய சிறிய மெசினுக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் கூடப் போதும். மெசின் நன்றாக ஆறியபின் தாங்கியில் மிஞ்சியதையும், காபரேற்றரின் அடித் திருகாணியைத் தளர்த்தி அதில் நிற்பதையும் வடியுங்கள். பழைய ஒயிலைக் காணியில் ஊற்ற வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகும்.

மூன்றாவது, பிளக். இதுதான் பலர் விடும் வேலை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்துக்குள் ஒரு தேக்கரண்டி புது ஒயில் விடுங்கள். துவாரத்தைத் துணியால் மூடிக்கொண்டு கயிற்றை நாலைந்து தரம் மெதுவாக இழுங்கள். ஒயில் சுவரெல்லாம் பூசுப்படும். பிளக்கைத் திரும்பப் பூட்டி, மறுபடி மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கயிறு இறுகும். அங்கே நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். மாரி ஈரம் உள்ளே போக வழியில்லை.

நான்காவது, பம்பு. அடி மூடியைக் கழற்றித் தண்ணீரை முழுதாக வடியுங்கள். உங்கள் கிணறு சவர் என்றால் நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசி வடியுங்கள். கழற்றிய மூடியைத் தொலைக்காமல் மெசினிலேயே கட்டி வையுங்கள். காற்று வடியின் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, சொட்டு ஒயில் விட்டுப் பிழிந்து போடுங்கள்.

ஐந்தாவது, வைக்கும் இடம். ஆறிய மெசினை ஈரத் துணியால் துடைத்து உப்பை எடுத்து, உலர்ந்ததும் இரும்புப் பகுதிகளில் ஒயில் துணியால் மெல்லப் பூசுங்கள். நிலத்தில் வைக்காமல் பனங்குற்றி அல்லது பலகைமேல் வையுங்கள். பொலித்தீனால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும், சாக்குப் போடுங்கள். சைலன்சர் வாயில் துணி அடைத்தால் குளவி கூடு கட்டாது. ஆனால் அடைத்ததை மறக்காமல் இருக்கக் கயிற்றுப் பிடியில் ஒரு துணி முடிச்சுப் போடுங்கள். பங்கு மெசின் என்றால் யார் வீட்டில் இருக்கிறது, என்ன செய்தது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

தையில் எடுக்கும்போது முடிச்சு உங்களுக்கு நினைவூட்டும். துணியை எடுங்கள், அடி மூடிகளைப் பூட்டுங்கள், ஒயில் மட்டம் பாருங்கள், பிளக்கைத் துடையுங்கள், பம்பில் தண்ணீரும் தாங்கியில் புதுப் பெற்றோலும் விடுங்கள். தொடக்கத்தில் வெள்ளைப் புகை வரும். அது நீங்கள் விட்ட ஒயில் எரிவது, பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 1990களின் தொடக்கத்தில் விட்டுவிட்டுப் போன மெசின் பற்றைக்குள் கிடப்பதைச் சிலர் காணக்கூடும். ஓடிப்போய்த் தூக்காதீர்கள். மிதிவெடி இல்லை என்று உறுதியாகாத இடத்தில் கால் வைக்க வேண்டாம். கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள். இடம் பாதுகாப்பு என்று உறுதியானபின் மெசினை எடுத்தாலும், உடனே கயிற்றை இழுக்காதீர்கள். பிளக் துவாரத்தில் ஒயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விட்டு, பிறகு மெதுவாக அசைத்துப் பாருங்கள். இழுத்து முறித்தால் திருத்த முடியாது. ஊற விட்டால் சில மெசின்கள் திரும்ப ஓடும்.

முதல் மழைக்கு முன் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.