சென்னையில் சிக்கிய கிருமி

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியை நாம் பார்க்காத நாளில்லை. 1903-ல் அங்கே வேலை பார்த்த சார்லஸ் டோனவன், காய்ச்சலில் கிடந்த ஒரு நோயாளியின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். குட்டிக் குட்டியாக முட்டை வடிவ உருண்டைகள்! காலா அசார் என்கிற கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணி அதுதான். அதே வருஷம் இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் இதைப் பற்றி எழுதியிருந்தார். இருவர் பெயரும் சேர்ந்துதான் ‘லீஷ்மேனியா டோனவானி’.

இந்த நோய்க்கான மருந்து கொல்கத்தாவில் பிறந்தது. அதை உருவாக்கிய உபேந்திரநாத் பிரம்மச்சாரி வேலை செய்தது கேம்ப்பெல் ஆஸ்பத்திரியின் ஒரு சின்ன அறையில். எரிவாயு கிடையாது, தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது. ராத்திரியில் புகை கக்கும் மண்ணெண்ணெய் விளக்குதான். அங்கே அவர் உருவாக்கிய யூரியா ஸ்டிபமின் எத்தனையோ உயிர்களைக் காத்தது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்காதது இன்றும் எனக்கு ஆறவில்லை.

இந்த நோயைப் பரப்புவது மணல் ஈ என்று சந்தேகித்தும், வெகுகாலம் நிரூபிக்க முடியவில்லை. நோயாளியின் ரத்தம் குடித்த ஈக்களுக்கு உலர்திராட்சை கொடுத்தபோது, கிருமி பெருகி ஈயின் தொண்டையையே அடைத்தது! அந்த ஈக்களைத் தன்னார்வலர்களைக் கடிக்க விட்டு, 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அதை நிரூபித்தார்கள்.