பெயரில்லாத கோட்டைவாசிகள்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றியிருந்து, பகடை உருட்டி, வாய்ப்பேச்சாலேயே வளர்க்கும் கதை விளையாட்டு ஒன்றுண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' அதற்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதன் மாந்தர்.

இதில் முதற் கதையைத் திட்டமிடுவதுதான் சிரமம். முடிவை எழுதும் உரிமை கதைசொல்லிக்கு இல்லை. கதவைக் காட்டினால் கதாநாயகர்கள் சுவரை இடிப்பார்கள்!

புதியவர்களுக்காகக் கைகாக்ஸ் எழுதிய 'எல்லைப்புறக் கோட்டை'யைப் பாருங்கள். ஒரு கோட்டை, அருகே குகைகள், அவற்றில் தமக்குள்ளும் பகைகொண்ட அரக்கக் கூட்டங்கள். எவரோடு பொருதுவது, எவரோடு உறவாடுவது என்பது ஆடுவோர் பாடு. கோட்டைவாசிகளுக்குப் பெயர்கூட இல்லை. அதை நடத்துபவரே சூட்டவேண்டும். சோம்பல் என்பார் சிலர். எனக்கோ அது ஓர் எழுத்தாளனின் அடக்கமாகவே படுகிறது.

என் பெறாமக்களுக்காக நான் இப்போது வரைந்திருப்பது ஆறு வற்றிய ஒரு கிராமம். மேலே அணை கட்டியவை பூதங்கள், அவற்றுக்கும் தாகம். யார் பக்கம் நியாயம் என்று நான் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளுக்கு முதல் மாலையே சலித்துவிட்டால் அடுத்த கிழமை மேசைக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.