தலையெழுத்தல்ல, உயிரணுவின் எழுத்து



ரத்தப் புற்றுநோய் வந்தால் "தலையெழுத்து" என்று சொல்லி அழுவதே நம் மக்களுக்கு வழக்கமாயிருக்கிறது. அந்த எழுத்தைக் கண்டவர் ஒருவருமில்லை. ஆனால் உயிரணுவுக்குள்ளிருந்த பிழையை மனிதர் பூதக்கண்ணாடியில் கண்டே விட்டார்கள்.

1960-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து நோவல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், ஒருவகை ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் குட்டையாயிருப்பதைக் கண்டார்கள். அதன் துண்டு 9-வது குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருப்பதை 1973-ல் ஜேனட் ரௌலி அம்மையார் காட்டினார். இந்த இடமாற்றத்தால் உண்டாகும் புரதமானது "பெருகு, பெருகு" என்று ஓயாது கட்டளையிட, வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன.

அப்புரதத்தில் ஒரு குழி உண்டு. சக்தி தரும் பொருள் அதில் வந்து சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். ரசாயன சாலையில் செய்த இமாட்டினிப் என்னும் சிறு மூலக்கூறு அக்குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, கட்டளை நின்றுபோகிறது. முதற் சோதனையில், தினம் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் கணக்கு சரியாயிற்று. 2001-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

சிலருக்குப் புரதத்தின் வடிவம் மாறி, மருந்து பலிக்காமற் போவதுமுண்டு. அதை மறைக்காமல் சொல்லி, வேறு மூலக்கூறுகள் செய்தார்கள். இதுவே அறிவின் நாணயம்.

ஆனால், மருந்திருந்தும் விலை கொடுக்க முடியாமல் ஏழை சாவானானால் அறிவினால் என்ன பயன்? இம்மருந்தின் ஒரு படிக உருவத்துக்குக் கம்பெனி கேட்ட தனியுரிமையை 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது. நம் நாட்டார் மலிவாய்ச் செய்ய வழி நிலைத்தது.

ஆகவே தோழர்களே! களைப்பும் இளைப்பும் நீடித்தால் சோதிடனிடம் போகாதீர்கள். ரத்தத்தைச் சோதிக்கப் போங்கள் என்றே நாம் சொல்லுகிறோம்.